மச்சினன் கடை, மறைத்த கமிஷன்: சப்ளை வியாபாரக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ‘சதி’யும் ‘துரோக’மும் தாராளமாக இருக்கின்றன. கோபம் புரிகிறது. ஆனால் சட்டம் முதலில் கேட்பது, ஏமாற்றியவர் உங்களுக்கு யார் என்பதைத்தான். சரக்கு விற்றவரா, வாங்கியவரா, உங்களுக்காக வாங்கிக் கொடுத்த ஏஜென்டா, கூட்டாளியா? ஆளைப் பொறுத்துத்தான் கடமை. கடமையைப் பொறுத்துத்தான் வழக்கு.

குலசேகரம் வாசகர்: ரப்பர் மேட் செய்யும் சிறிய கம்பெனி வைத்திருக்கிறேன். ரப்பர் ஷீட் எடுத்துத் தர ஒருவரைக் கமிஷனுக்கு வைத்திருந்தேன். நாங்கள் சரக்கு எடுத்த கடை அவருடைய மச்சினன் கடை என்பதும், கிலோவுக்கு 2 ரூபாய் இவருக்குத் தனியாகப் போனதும் இப்போதுதான் தெரிந்தது. “சந்தை விலைக்குத்தானே வாங்கினோம், உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்கிறார்.

அந்தச் சமாதானம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எடுபடலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் முன்னால் எடுபடாது. முதலாளிக்குத் தெரியாமல் ஏஜென்ட் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அதில் அவருக்குக் கிடைத்த ஆதாயத்தை முதலாளி கேட்டு வாங்கலாம் என்கிறது பிரிவு 216. முதலாளிக்கு நஷ்டம் வந்ததா என்ற கேள்வியே அதில் இல்லை. சட்டப் புத்தகத்திலேயே ஒரு உதாரணம் உண்டு: குறிப்பிட்ட வீட்டை வாங்கித் தரச் சொல்லி அனுப்பப்பட்டவர், “அது கிடைக்காது” என்று சொல்லிவிட்டுத் தானே வாங்கிக்கொள்கிறார். விஷயம் தெரிந்ததும், அவர் கொடுத்த விலைக்கே அதைத் தனக்கு விற்கும்படி முதலாளி அவரைக் கட்டாயப்படுத்தலாம்.

“கடை என்னுடையது இல்லையே, மச்சினனுடையதுதானே” என்று அடுத்து நழுவுவார். நழுவட்டும். அந்த 2 ரூபாய் அவர் கைக்குப் போயிருக்கிறது அல்லவா? ஏஜென்ட் என்ற இடத்தைப் பயன்படுத்திச் சம்பாதித்ததை முதலாளிக்காகவே வைத்திருக்க வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டத்தின் பிரிவு 88. பட்டியலில் ஏஜென்ட், கூட்டாளி, இயக்குநர் எல்லோரும் பெயர் சொல்லியே இருக்கிறார்கள். போதாததற்கு, நடத்தை தவறிய அந்த வியாபாரத்துக்கு நீங்கள் பேசிய கமிஷனையும் அவர் கேட்க முடியாது. இது ஒப்பந்தச் சட்டம் பிரிவு 220.

‘சந்தை விலை’ என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆர்.எஸ்.எஸ். 4 (புகையூட்டிய ரப்பர் ஷீட்டில் ஒரு தரம்) ஷீட்டுக்குக் கோட்டயம் விலையை ரப்பர் வாரியம் அன்றாடம் வெளியிடுகிறது. பில்லில் உள்ள தேதியையும் விலையையும் அதோடு ஒத்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், கிரேடு. பில்லில் 4 என்று எழுதி, வண்டியில் அதற்குக் கீழான சரக்கு வந்திருந்தால், சந்தை விலைக்கே உங்கள் தலையில் நஷ்டத்தைக் கட்டியிருக்கிறார்கள். எடைச் சீட்டு, இ-வே பில், ஜி.எஸ்.டி. கணக்கு, கோடவுன் பதிவேடு எல்லாவற்றையும் முதலில் ஒன்றுசேர்த்துக்கொள்ளுங்கள். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, கணக்குக் கேட்டு ஒரு பதிவுத் தபால். கேட்டால் சரியான கணக்குக் கொடுக்க வேண்டியது ஏஜென்டின் கடமை (பிரிவு 213). மறுத்தாலும் மழுப்பினாலும் அந்தக் கடிதமே நாளைக்கு உங்கள் சாட்சி.

மச்சினனைச் சேர்க்கலாமா? இவர் உங்கள் ஏஜென்ட் என்று தெரிந்தே கமிஷனை மறைத்துக் கொடுத்திருந்தால் சேர்க்கலாம். சொந்தக்காரர் என்பது மட்டும் சதிக்குச் சாட்சி ஆகாது. நம் ஊரில் யார்தான் யாருக்குச் சொந்தம் இல்லை? பணம் போன வழி வேண்டும், வங்கிக் கணக்கோ ஜி.பே. பதிவோ. இன்னொன்றும் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: “அவருக்கும் ஏதோ கிடைக்கட்டும்” என்று தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தீர்களா? அப்படியானால், உங்கள் சம்மதம் இருந்தது என்பதுதான் அவர் வக்கீல் சொல்லும் முதல் வாதம்.

கருங்கல் வாசகர்: எங்கள் அண்டியாபீஸிலிருந்து (முந்திரி ஆலை) பருப்பு வாங்கிய மொத்த வியாபாரி 11 லட்சம் பாக்கி. அவரும் அவருடைய கணக்கரும் சேர்ந்து இழுத்தடிக்கிறார்கள். நம்பிக்கை மோசடி, கூட்டுச் சதி என்று போலீசில் கொடுக்கலாமா?

கொடுத்தால் நிற்காது. நம்பிக்கை மோசடி என்றால் உங்கள் பொருளை அவரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். நீங்கள் விற்றுவிட்டீர்கள், பருப்பு அவருடையது, உங்களுக்கு வர வேண்டியது கடன். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் இதைத்தான் சொன்னது. அதுவும் சப்ளை விவகாரம்தான்: குதிரைத் தீவனம், ஓட்ஸ் கொடுத்தவர் 9 லட்சத்துச் சொச்சம் பாக்கிக்காகக் குற்றப் புகார் கொடுத்தார். நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரே கொடுக்கல் வாங்கலில் மோசடியும் நம்பிக்கை மோசடியும் சேர்ந்து இருக்க முடியாது என்றும் சொன்னது. காரணம் எளிது: மோசடிக்கு முதல் நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் வேண்டும், மற்றதில் நம்பி ஒப்படைத்த பிறகுதான் கெட்ட எண்ணம் வருகிறது.

இதுவே நீங்கள் பச்சை அண்டியை, அதாவது உடைக்காத முந்திரிக்கொட்டையை, கூலிக்கு உடைத்துத் தரக் கொடுத்து, அவர் பருப்பை வேறு ஆளுக்கு விற்றிருந்தால் கதை வேறு. அது ஒப்படைப்பு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 316 வரும், இருவர் சேர்ந்து திட்டமிட்டிருந்தால் பிரிவு 61-ம் வரும். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள்.

உங்களுக்கு உருப்படியான வழி சிவில் வழக்கு. உங்கள் ஆலை உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்றிருந்தால் 45 நாள் தாண்டிய பாக்கிக்குக் குறு, சிறு தொழில் சட்டப்படி கூட்டு வட்டியும் கேட்கலாம். அவர் கொடுத்த செக் திரும்பியிருந்தால், வங்கி தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போய்விட வேண்டும். “இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்” என்று இருந்து இந்த நாளைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மார்த்தாண்டம் வாசகர்: இருவர் கூட்டாகத் தேன் சப்ளை செய்கிறோம். என் கூட்டாளி நம் வாடிக்கையாளருக்கே தனிப் பெயரில் தேன் கொடுக்கிறார்.

கூட்டாண்மைச் சட்டம் (1932) பிரிவு 16: போட்டி வியாபாரத்தில் வந்த லாபம் முழுவதையும் அவர் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அனுமதி இருந்தால் மட்டும் விலக்கு. ஆனால் உங்கள் நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா? கடிதத்தில் அதைக் காணோம். பதிவு இல்லாவிட்டால் பிரிவு 69 குறுக்கே நிற்கும்; நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கக் கேட்கலாமே தவிர, நிறுவனத்தை நடத்திக்கொண்டே கூட்டாளி மேல் ஒப்பந்த உரிமைக்கு வழக்குப் போட முடியாது. பதிவு செய்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

பூதப்பாண்டி வாசகர்: வாழைக்குலை எடுக்கும் நாலு வியாபாரிகள் பேசி வைத்து ஒரே விலை சொல்கிறார்கள். இது சதி இல்லையா?

பேச்சு வழக்கில் சதிதான். பழைய ஆங்கிலேயச் சட்ட வழியில் பார்த்தால், சொந்த லாபத்துக்காகச் சேர்வதும் உங்களைக் கெடுக்கவே சேர்வதும் வேறு வேறு. ஸ்காட்லாந்து ஹாரிஸ் ட்வீட் துணிக்கு நூல் போகாமல் தடுத்த விவகாரத்தில், 1941-ல் பிரிட்டனின் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை அப்படித்தான் தீர்ப்புச் சொல்லி, தடுத்தவர்களை விட்டுவிட்டது. ஆனால் இங்கே 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இருக்கிறது. போட்டியாளர்கள் கொள்முதல் விலையைப் பேசி நிர்ணயிப்பது பிரிவு 3(3)-ன் கீழ் வரும். எல்லோரும் ஒரே விலை சொன்னார்கள் என்பது மட்டும் போதாது. பேசி வைத்தார்கள் என்று காட்ட வேண்டும். அங்கேதான் சிரமம்.

குழித்துறை வாசகர்: எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் வாட்ஸ்ஆப் பேச்சு. வழக்கு எங்கே, எத்தனை வருடத்துக்குள்?

வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. மெசேஜ்களை அழிக்காதீர்கள், போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழும் வேண்டும். பொதுவாக 3 ஆண்டு கெடு. மோசடியாக மறைத்திருந்தால் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். கவனமாக இருந்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்றும் நீதிமன்றம் பார்க்கும். மதிப்பு 3 லட்சத்துக்குக் குறையாத வணிகத் தகராறு என்றால் வணிக நீதிமன்றம். அவசரத் தடை உத்தரவு தேவைப்படாத வழக்குக்கு முதலில் சமரசம் கட்டாயம். 2022-ல் உச்ச நீதிமன்றமே இதை உறுதி செய்திருக்கிறது. அதற்கு நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.