சிஇஏ சேர்க்காமலே மின்னோட்டம் இறங்கினால்

வணக்கம் தங்கச்சி. பினாங்கு லேபில் சிஇஏ (சில புற்றுநோய்களில் இரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) அளக்கும் சென்சார் செய்கிறேன், வெறும் பாஸ்பேட் பஃபரிலேயே பத்து நிமிடத்தில் ஒளிமின்னோட்டம், அதாவது வெளிச்சம் பட்டு எலெக்ட்ரோடில் வரும் மின்னோட்டம், பாதியாகிறது, சிஇஏவைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் புதிதாக வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு வாங்காதீர்கள், அது விலை அதிகம்.

என் சந்தேகம் எலெக்ட்ரோடில் டைட்டானியம் டை ஆக்சைடோடு சேர்ந்து வெளிச்சத்தை வாங்கும் காட்மியம் சல்பைடு மேல்தான். வெளிச்சம் பட்டதும் எலெக்ட்ரான் டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் ஓடிவிடும். பின்னால் தங்கும் துளையை (எலெக்ட்ரான் போன காலி இடம், நேர் மின்னூட்டம் போல நடக்கும்) வாங்கிக்கொள்ள ஆளில்லை என்றால் அது சல்பைடையே அரிக்கும், காட்மியம் கரைந்து போகும். அந்தத் துளையை வாங்கிக்கொள்ள பஃபரில் 0.1 மோலார் அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) சேர்த்து, பிஎச்சை 7.4-க்குத் திருப்பிக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். அதை அன்றன்றே கரைக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் நேற்றுக் கரைத்ததை நம்ப முடியாது.

விளக்கைத் தொடர்ந்து எரிய விடாதீர்கள். பத்து நொடி வெளிச்சம், பத்து நொடி இருட்டு போதும். கூடவே ஆன்டிபாடி இல்லாமல் பிஎஸ்ஏ (சிஇஏவைப் பிடிக்காத மாட்டு ரத்தப் புரதம்) மட்டும் பூசிய எலெக்ட்ரோடு ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க ஓட்டுங்கள். சிஇஏ ஒட்டினாலும் மின்னோட்டம் இறங்கத்தானே செய்யும்? இரத்தத்தில் சிஇஏ இயல்பு என்று சொல்ல பல லேப்கள் வைக்கும் மேல்வரம்பு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம்தான். அரிப்பால் வந்த இறக்கத்தை நோய் என்று படித்துவிடக் கூடாது, அம்மா.

காட்மியம் கழிவைச் சிங்க்கில் ஊற்றாமல் தனிப் போத்தலில் சேர்த்து வையுங்கள்.