எழுத்துத் தெரியாத குழந்தைக்குக் கண் பரிசோதனையா?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். சில மாதங்களாக, படப்புத்தகம் பார்க்கும்போது இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்குகிறது. வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். கண் தெரியவில்லை என்று அவளும் சொன்னதில்லை. என் கணவர் சிறு வயதிலிருந்தே கண்ணாடி அணிபவர். எழுத்துத் தெரியாத குழந்தையைப் பரிசோதிக்க முடியுமா?

பதில்: அவள் சொல்ல மாட்டாள், அம்மா. ஒரு கண் மங்கலாக இருந்தாலும் மற்றது தெளிவாக இருந்தால் ஓடுவாள், தரையில் கிடக்கும் மணியைக்கூடப் பொறுக்குவாள். எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்றுதான் நினைத்திருப்பாள்.

பிறந்த முதல் மூன்று, நான்கு மாதங்களில் கண் அவ்வப்போது விலகினால் ‘வளர வளர’ என்ற சமாதானம் பொருந்தும். மூன்றரை வயதில் பொருந்தாது. ஒதுங்கிய கண் அனுப்பும் படத்தை மூளை ஒதுக்கத் தொடங்கிவிடும். அந்தக் கண்ணின் பார்வை வளராமல் நின்றுபோகும். இதற்குச் சோம்பேறிக் கண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒதுக்குவது மூளை, பழி கண்ணுக்கு! ஏழு வயதுக்குள் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம்.

குறைமாதப் பிறப்பு, குடும்பத்தில் சிறு வயதுக் கண்ணாடி இரண்டுமே இந்த ஆபத்தைக் கூட்டுபவை. அதற்காக யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. சீக்கிரம் போனால் போதும்.

பரிசோதனைக்கு எழுத்து தேவையில்லை. சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து, ஒளி பாய்ச்சியே பவரை அளந்துவிடுவார்கள். மருந்து எரியும், அழுவாள். ஒரு நாளோ, மருந்தைப் பொறுத்து அதற்கு மேலுமோ வெளிச்சம் கூசும். இந்த வயதில், கிட்டத்தில் பார்க்கும்போது கண் உள்ளே ஒதுங்கினால் பல சமயம் தூரப்பார்வைதான், அதாவது கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கக் கண் கூடுதலாகச் சிரமப்படும் குறைதான் காரணம். அப்படியானால் கண்ணாடியே கண்ணை நேராக்கிவிடக்கூடும். பார்வையும் குறைந்திருந்தால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைக்கச் சொல்வார்கள்.

வீட்டிலும் ஒன்று பாருங்கள். அவள் படம் பார்க்கும்போது இடது கண்ணை உள்ளங்கையால் மறையுங்கள். பிறகு வலது கண்ணை. ஒரு பக்கம் மறைத்தால் மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுகிறாளா? மருத்துவரிடம் சொல்லுங்கள். அழாவிட்டாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த பழைய புகைப்படங்களையும் கொண்டுபோங்கள். கண் எப்போது ஒதுங்கத் தொடங்கியது என்பது அவற்றில் தெரியும். எதிலாவது ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னினால் நாள் பார்க்காமல் உடனே போங்கள். அபூர்வமாக அது விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.