கால்நடை மருத்துவத்திலிருந்து உலகப் பொதுச் சுகாதாரத்துக்கு

இறுதியாண்டு கால்நடை மருத்துவம், உலகப் பொதுச் சுகாதாரத்தில் ஆசை, பாடத்திட்டத்திலோ அதற்கு இடமில்லை. உடனே அடுத்த பட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரமே வேண்டாம்.

1999-ல் நியூயார்க்கில் மூளையழற்சி பரவியபோது, அது கொசு பரப்பும் செயின்ட் லூயிஸ் வைரஸால் வந்தது என்றுதான் முதலில் முடிவு கட்டினார்கள். பிராங்ஸ் விலங்குக்காட்சி சாலையின் கால்நடை நோயியலர் டிரேசி மெக்னமாரா அதை ஏற்கவில்லை. காகங்களும் பூநாரைகளும் செத்துக்கொண்டிருந்தன. செயின்ட் லூயிஸ் வைரஸோ பொதுவாகப் பறவைகளைக் கொல்லாது. கடைசியில் அது பறவைகளையும் மனிதர்களையும் தாக்கும் வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெரிந்தது. உங்கள் படிப்பு வீண் போகாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சரி, இப்போதே என்ன செய்யலாம்? அடுத்த முறை ஒரு பண்ணைக்குப் போனால், நோயுற்ற மாட்டுக்கு ஊசி போட்டதோடு திரும்பாதீர்கள். மொத்தம் எத்தனை மாடு, எத்தனைக்கு நோய், முதலில் எது எப்போது படுத்தது, புதிதாக வாங்கியது உண்டா, பால் கறப்பவருக்குக் காய்ச்சலா என்று எழுதி வையுங்கள். நோய் யாருக்கு, எப்போது, எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் நோய்ப்பரவலியல் அங்கேதான் தொடங்குகிறது. புள்ளியியல் அலுப்பாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். அப்புறம், மனித மருத்துவம் படிப்பவர்களோடு சேர்ந்து ஒரு சின்ன ஆய்வாவது செய்யுங்கள். பட்டம் அதற்குப் பிறகு.