வீடியோ டிரைவரில் இன்டரப்ட்: ஹேண்ட்லருக்குள் எதைச் செய்வது, எதை வெளியே தள்ளுவது?

கேள்வி: எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே வடிவமைத்துக்கொள்ளும் சிப்) வைத்து ஒரு எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு செய்திருக்கிறோம். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகுவது. லினக்ஸ் டிரைவர் எழுதியது நான். 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம். கார்டு ஒரே டிஎம்ஏ பஃபரில் (சிபியு தலையிடாமல் கார்டே நேராக எழுதும் நினைவகப் பகுதி) திரும்பத் திரும்ப எழுதும். ஃபிரேம் முடிந்ததும் இன்டரப்ட் (சிபியுவின் வேலையை இடைமறிக்கும் சைகை) தரும். அப்போது ஓடும் ஹேண்ட்லர் செயற்கூறில், கார்டின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, லாகில் ஒரு வரி எழுதி, முழு ஃபிரேமையும் வேறு பஃபருக்கு நகலெடுக்கிறேன். கணினிக்கு வேறு வேலை இல்லாதவரை சரியாக ஓடுகிறது. சுமை ஏறினால் ஃபிரேம்கள் விட்டுப்போகின்றன. சில ஃபிரேம்களில் மேல் பாதி புதிது, கீழ்ப் பாதி பழையது. எப்போதாவது கெர்னல் லாகில் 'நோபடி கேர்டு' (இந்த இன்டரப்டை யாரும் ஏற்கவில்லை) என்று வந்து வீடியோ அடியோடு நின்றுவிடுகிறது. ரியல்டைம் கெர்னலுக்கு மாறலாமா, அல்லது இன்டரப்டை விட்டுவிட்டு போலிங் (கார்டை நாமே ஓயாமல் கேட்டுப் பார்ப்பது) செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஃபிரேம் போவதும் படம் கிழிவதும் ஒரே காரணத்தால் வருபவை. 'நோபடி கேர்டு' தனி நோய், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. 1080பி 60 என்றால் கம்பியில் ஓடுவது 1080 வரிகள் மட்டுமல்ல, 1125. ஒரு வரிக்கு 2200 பிக்சல் நேரம், பிக்சல் கிளாக் 148.5 மெகாஹெர்ட்ஸ். ஆக, ஒரு வரிக்கு 14.8 மைக்ரோ நொடி. படம் இல்லாத 45 வரிகள்தான் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி: சுமார் 667 மைக்ரோ நொடி. அது முடிந்ததும் கார்டு அதே பஃபரின் தலையில் புது ஃபிரேமை எழுதத் தொடங்கிவிடும். அதற்குள் நீங்கள் நகலெடுக்க வேண்டியது எவ்வளவு? ஒரு பிக்சலுக்கு 2 பைட் என்று வைத்தால் 41,47,200 பைட். நொடிக்கு 5 ஜிபி வேகத்தில் நகலெடுத்தாலும் 0.8 மில்லி நொடி ஆகும். அதாவது இடைவெளி இப்போதே போதவில்லை. கார்டு ஒரு ஃபிரேமை எழுதி முடிக்க 16 மில்லி நொடி எடுத்துக்கொள்வதால், முன்னால் ஓடும் உங்கள் நகலை அது எட்டிப் பிடிப்பதில்லை. சும்மா இருக்கும் கணினியில் படம் சரியாக வருவதற்கு அதுதான் காரணம். டிஎம்ஏ நினைவகம் கேஷ் ஆகாத (அதனால் படிப்பது மெதுவான) ஆர்ம் போர்டில் இதே டிரைவரை ஓட்டினால் அந்தச் சலுகையும் போய்விடும்.

இப்போது அந்த லாக் வரிக்கு வருவோம். உங்களிடம் 1,15,200 பாடில் சீரியல் கன்சோல் இருந்தால், நொடிக்கு 11,520 எழுத்துதான் போகும். 80 எழுத்து உள்ள ஒரு வரி கிட்டத்தட்ட 7 மில்லி நொடியைத் தின்றுவிடும். நகல் தொடங்குவதற்குள் 45 காலி வரிகளும் போய், அடுத்த ஃபிரேமின் முதல் 420 வரிகள் வரை பஃபரில் ஏறியிருக்கும். மேலே புதிது, கீழே பழையது என்று நீங்கள் பார்ப்பது இதைத்தான். சீரியல் கன்சோல் இல்லாவிட்டாலும், வேறு ஏதாவது டிரைவர் அந்த சிபியுவில் சில மில்லி நொடி இன்டரப்டை அடைத்து வைத்தால் விளைவு இதேதான். லாக் வரியை இன்றே எடுத்துவிடுங்கள். பார்க்க வேண்டியது எதுவானாலும் கெர்னலின் தடமறியும் கருவியான எஃப்ட்ரேஸில் பாருங்கள். அதில் ஹேண்ட்லர் நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் தனித்தனியாகப் பதிவாகும், செலவும் மிகக் குறைவு.

ஃபிரேம் விட்டுப்போவதற்கு இன்னொரு முகமும் உண்டு. நிலுவையில் இருக்கும் இன்டரப்ட் என்பது ஒரே ஒரு பிட். அது எண்ணிக்கை வைப்பதில்லை. ஹேண்ட்லர் ஓடுவதற்குள் இரண்டு ஃபிரேம் முடிந்துவிட்டால், ஹேண்ட்லர் ஒரு தடவைதான் ஓடும். அதனால் 'எத்தனை தடவை ஹேண்ட்லர் வந்தது' என்பதை ஃபிரேம் எண்ணாக ஒருபோதும் வைத்துக்கொள்ளாதீர்கள். கார்டுக்குள்ளேயே ஒரு ஃபிரேம் கவுன்ட்டர் ரெஜிஸ்டர் வையுங்கள். அதைப் படித்து, பஃபரின் சீக்வென்ஸ் எண்ணாகப் போடுங்கள். விட்டுப்போன ஃபிரேம் எத்தனை என்பது மேலே இருக்கும் பயன்பாட்டுக்கும் அப்போதுதான் தெரியும்.

ஹேண்ட்லரை எவ்வளவு வேகமாக்கினாலும் இந்த வடிவமைப்பு தேறாது. வீடியோவில் கெடு கண்டிப்பானது, லினக்ஸில் ஹேண்ட்லர் எப்போது ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே ஹேண்ட்லர் தாமதமாக வந்தாலும் ஒன்றும் கெடாதபடி கார்டின் கையில் வேலை இருக்க வேண்டும். ஒரு பஃபருக்குப் பதில் பஃபர் வரிசை. ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததன் முகவரி கார்டில் காத்திருக்க வேண்டும். ஃபிரேம் முடிந்த கணத்தில் கார்டு தானே அதற்குத் தாவிவிட வேண்டும். காத்திருப்பில் ஒரு பஃபர் இருந்தால் உங்கள் கெடு 0.67 மில்லி நொடியிலிருந்து ஏறக்குறைய ஒரு முழு ஃபிரேமாக, 16.7 மில்லி நொடியாக விரிகிறது. மூன்று இருந்தால் 50 மில்லி நொடி. இன்டரப்ட் அப்புறம் வெறும் தகவல்தான்: 'இது முடிந்தது, எடுத்துக்கொள், இன்னொன்று கொடு.'

எஃப்பிஜிஏ உங்கள் கையிலேயே இருப்பதால் இந்த விஷயத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர். வாங்கிய சிப் என்றால் அது தருவதைக் கொண்டுதான் ஓட்ட வேண்டும். அந்தக் கால டிவி டியூனர் கார்டுகளில் இருந்த பிடி 878 சிப் இதில் ஒரு வேடிக்கையான பிறவி. எந்த வரியின் பிக்சல் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று ஒரு குட்டி நிரலையே டிரைவர் நினைவகத்தில் எழுதி வைக்கும், சிப் அதைப் படித்து நடக்கும். எந்தக் கட்டளையில் இன்டரப்ட் வர வேண்டும் என்பதும் அந்தக் கட்டளைக்குள்ளேயே ஒரு பிட். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை, நான்கு இடம் கொண்ட ஒரு டிஸ்கிரிப்டர் (பஃபர் முகவரிக் குறிப்பு) வரிசை போதும். ஆனால் எஃப்பிஜிஏ எழுதுபவரிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்: வரிசை காலியானால் கார்டு வந்த ஃபிரேமைக் கீழே போட்டு ஒரு எண்ணியை ஏற்ற வேண்டுமே தவிர, முடித்துக்கொடுத்த பஃபரின் மேல் மறுபடி எழுதவே கூடாது. ஃபிரேம் போனது எண்ணில் தெரிந்துவிடும். கிழிந்த படம் வாடிக்கையாளர் கண்ணில் படும்வரை யாருக்கும் தெரியாது.

நகலெடுப்பதும் ஒழிய வேண்டும். லினக்ஸின் வீடியோ இடைமுகமான வி4எல்2-வில், பஃபர்களை நிர்வகிக்கும் வீடியோபஃப்2 அடுக்கைப் பயன்படுத்துங்கள். பயன்பாடு வரிசையில் போடும் பஃபரின் முகவரியே நேராகக் கார்டுக்குப் போகும். முடிந்ததும் அந்தப் பஃபரை 'டன்' என்று திருப்பிக் கொடுக்கும் அழைப்பை ஹேண்ட்லருக்குள்ளிருந்தே செய்யலாம். உங்கள் பஃபர் பட்டியலை ஹேண்ட்லரும் பயன்பாட்டின் பக்கமும் இரண்டுமே தொடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதற்குத் தூங்காமல் காத்திருக்கும் பூட்டான ஸ்பின்லாக்தான், காத்திருக்கையில் தூங்கிவிடும் மியூடெக்ஸ் ஆகாது. பயன்பாட்டின் பக்கத்தில் பூட்டும்போது இன்டரப்டை அடைக்கும் 'ஐஆர்க்யூசேவ்' வகையால் பூட்டுங்கள். இல்லாவிட்டால் பூட்டைப் பிடித்திருக்கும் அதே சிபியுவில் ஹேண்ட்லர் வந்து, அதே பூட்டுக்குக் காத்து நிற்கும், கணினி அப்படியே உறைந்துவிடும்.

இனி ஹேண்ட்லருக்குள் இருக்க வேண்டியது மிகக் கொஞ்சம். ஸ்டேட்டஸைப் படியுங்கள். எல்லா பிட்டும் 1 என்று வந்தால் கார்டு பஸ்ஸிலிருந்தே காணாமல் போயிருக்கலாம், எதையும் தொடாமல் வெளியேறுங்கள். நீங்கள் இயக்கி வைத்த பிட் எதுவும் எழவில்லை என்றால் 'நம்முடையது இல்லை' என்று ஐஆர்க்யூ நன் திருப்புங்கள். எழுந்திருந்தால் படித்த பிட்டுகளை மட்டும் அழியுங்கள், முழு ரெஜிஸ்டரையும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். வரிசை முக்கியம்: முதலில் அழிப்பது, பிறகு வேலை. வேலையை முடித்துவிட்டு அழித்தால், நடுவில் வந்த அடுத்த ஃபிரேமின் செய்தியையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள். அப்புறம் நேரமுத்திரை, முடிந்த பஃபரைக் கொடுப்பது, அடுத்த முகவரியை எழுதுவது. நேரமுத்திரையை இங்கேயே எடுத்துவிடுங்கள். பின்னால் த்ரெட்டில் எடுத்தால் கணினியின் சுமையும் அதில் கலந்து, ஆடியோவோடு பொருத்தும்போது தொல்லை தரும்.

'நோபடி கேர்டு' விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வீடுகளுக்கு ஒரே அழைப்பு மணி இருப்பது போலத்தான் பகிர்ந்த இன்டரப்ட் கம்பி: மணி அடித்தால் மூவரும் எழுந்து பார்க்க வேண்டும், எல்லோரும் 'எனக்கில்லை' என்றால் யாரோ பித்தானை அழுத்திக்கொண்டே நிற்கிறார் என்று பொருள். கெர்னல் ஒவ்வொரு கம்பிக்கும் 1,00,000 இன்டரப்டுக்கு ஒரு முறை கணக்குப் பார்க்கும். அதில் 99,900-க்கு மேல் யாரும் ஏற்காதவை என்றால் அந்தச் செய்தியை எழுதிவிட்டுக் கம்பியையே அணைத்துவிடும். நொடிக்கு 60 இன்டரப்ட் தந்து, அவற்றை ஹேண்ட்லர் ஏற்றுக்கொண்டும் வந்தால், கார்டு இந்த வரம்பைத் தொட வழியே இல்லை. ஏதோ ஒரு பிட் எழுந்து, அழிக்கப்படாமல் கம்பியை மேலேயே பிடித்து வைத்திருக்கிறது.

என் சந்தேகம், ஃபிரேம் முடிந்த பிட்டை மட்டும் உங்கள் ஹேண்ட்லர் பார்க்கிறது. கார்டுக்குள் இருக்கும் தற்காலிகச் சேமிப்பான ஃபிஃபோ நிரம்பி வழிந்தது, சிக்னல் போனது, ரெசொல்யூஷன் மாறியது போன்றவற்றுக்கும் கார்டில் பிட் இருக்கும். யாராவது கேபிளை ஆட்டினால் அது எழும், நீங்கள் அழிப்பதில்லை. ஹேண்ட்லர் 'எனக்கில்லை' என்று திரும்ப, கம்பி மேலேயே இருப்பதால் மறுகணமே மறுபடி அழைப்பு. 1,00,000 எண்ண வெகுநேரம் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், ப்ராக் கோப்பகத்தில் உள்ள 'இன்டரப்ட்ஸ்' கோப்பில் உங்கள் எண் பாய்கிறதா என்று கவனியுங்கள். பாய்ந்தால் வேறு சாட்சி வேண்டாம். கையாளாத பிட்டுகளைத் தொடக்கத்திலேயே மாஸ்க் செய்யுங்கள் (இன்டரப்ட் தராதபடி அடையுங்கள்), இயக்கியவை எல்லாவற்றையும் அழியுங்கள். எப்போதும் ஐஆர்க்யூ ஹேண்டில்டு என்று திருப்பிவிட்டால் செய்தி வராதே என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்தி வராதுதான், அந்தப் புயலைக் கெர்னல் தடுக்கவும் செய்யாது, சிபியு அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

முடிந்தால் பழைய கம்பி முறையை விட்டு எம்எஸ்ஐ-க்கு மாறுங்கள். பகிர்வுத் தொல்லை போகும். இன்னொரு லாபமும் உண்டு: கம்பி வழி இன்டரப்ட், டிஎம்ஏ தரவு நினைவகத்தை அடையும் முன்பே வந்து சேரலாம், கார்டில் ஒரு ரெஜிஸ்டரைப் படித்தால்தான் தரவு வந்து சேர்ந்தது உறுதி. எம்எஸ்ஐ என்பதே நினைவகத்தில் எழுதப்படும் ஒரு செய்தி, தரவுக்குப் பின்னால் அதே பாதையில் வருவது. ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது. கம்பி போல அது தொடர்ந்து உயர்ந்து நிற்காது. நீங்கள் ஸ்டேட்டஸைப் படித்ததற்கும் அழித்ததற்கும் நடுவில் புது பிட் எழுந்து, கார்டு புதுச் செய்தி அனுப்பாவிட்டால், வீடியோ சத்தமில்லாமல் நின்றுவிடும். அழித்த பிறகும் நிலுவை இருந்தால் மீண்டும் செய்தி அனுப்பும்படி எஃப்பிஜிஏ-வில் எழுதுங்கள், அல்லது ஸ்டேட்டஸ் சுழியாகும்வரை ஹேண்ட்லரில் திரும்பப் படியுங்கள்.

கேபிள் மாறியதும் எச்டிஎம்ஐ ரிசீவர் சிப்பை ஐ2சி என்ற மெதுவான இரு கம்பிப் பஸ் வழியாக விசாரிக்க வேண்டியிருக்கும். அதை ஹேண்ட்லருக்குள் செய்யவே கூடாது. ஐ2சி அழைப்புகள் தூங்கக்கூடியவை. ஹேண்ட்லரில் தூங்கினால் 'ஸ்கெட்யூலிங் வைல் அட்டாமிக்' என்று கெர்னல் அலறும். தூங்காவிட்டாலும், 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு பைட்டுக்கு 90 மைக்ரோ நொடி. முப்பது பைட் படிப்பதற்குள் உங்கள் பழைய இடைவெளியைப் போல நான்கு மடங்கு ஓடிவிடும். இதற்காகத்தான் 2009-இல் வந்த 2.6.30 பதிப்பிலிருந்து த்ரெட்டட் இன்டரப்ட் இருக்கிறது. ஹேண்ட்லர் பிட்டை அழித்துவிட்டு 'வேக் த்ரெட்' என்று திருப்பினால், மிச்சத்தை த்ரெட் ஆற அமரச் செய்யும்.

ரியல்டைம் கெர்னல் பற்றி: 2024-இல் வந்த 6.12 பதிப்பில் அது மெயின்லைனிலேயே (அதிகாரபூர்வ கெர்னலில்) சேர்ந்துவிட்டது, போட்டுப் பார்ப்பது எளிது. அங்கே பெரும்பாலான ஹேண்ட்லர்கள் 50 என்ற ரியல்டைம் முன்னுரிமையில் த்ரெட்டாகவே ஓடும். நான்கு பஃபர் வரிசை வைத்த டிரைவருக்கு அது தேவைப்படாது. ஒற்றைப் பஃபர் டிரைவரை அது காப்பாற்றவும் செய்யாது. போலிங் என்பது நொடிக்குப் பல லட்சம் பாக்கெட் வரும் நெட்வொர்க் கார்டுக்குப் பொருத்தம். நொடிக்கு 60 இன்டரப்டைத் தவிர்க்க ஒரு சிபியுவைக் காவலுக்கு நிறுத்துவது வீண்.

கடைசியாக, நிறுத்தும்போதுதான் பல டிரைவர்கள் விழுகின்றன. ஸ்ட்ரீமிங் நிற்கும்போது முதலில் கார்டில் இன்டரப்டை மாஸ்க் செய்து டிஎம்ஏ-வை நிறுத்துங்கள், அது உண்மையிலேயே நின்றதா என்று ரெஜிஸ்டரில் பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை 'சிங்க்ரனைஸ் ஐஆர்க்யூ' வைத்துக் காத்திருங்கள். அதன் பிறகே மிச்சப் பஃபர்களை 'எரர்' நிலையில் திருப்பிக் கொடுங்கள். மாட்யூலை இறக்கும்போது இன்னொன்று: தானாக விடுவிக்கும் 'டெவ்எம்' வகை அழைப்பால் இன்டரப்ட் வாங்கியிருந்தால், ரிமூவ் செயற்கூறு முடிந்த பிறகுதான் அது விடுபடும். அதற்கு முன்பே ரெஜிஸ்டர் மேப்பிங்கை நீங்கள் கையால் எடுத்துவிட்டால், பகிர்ந்த கம்பியில் பக்கத்துக் கருவி கொடுத்த ஒரு இன்டரப்ட் போதும். உங்கள் ஹேண்ட்லர், இல்லாத முகவரியைத் தொட்டு கெர்னல் ஊப்ஸ் (கெர்னலுக்குள் பெரும் பிழை) ஆகும். கெர்னல் கட்டமைப்பில் 'டீபக் எஸ்எச்ஐஆர்க்யூ' என்ற தேர்வை இயக்கினால், பகிர்ந்த இன்டரப்டை விடுவிக்கும் வேளையில் கெர்னல் வேண்டுமென்றே உங்கள் ஹேண்ட்லரை ஒரு முறை அழைத்துப் பார்க்கும். சோதனைக் கணினியில் அதை இயக்கி வைத்து, வீடியோ ஓடும்போதே கார்டை டிரைவரிலிருந்து அன்பைண்ட் செய்து பாருங்கள்.