கேள்வி பதில்: வீடு கட்டக் கொட்டிய மணல்

கே: என் பையன் ஏழாவது படிக்கிறான். லீவு விட்டால் போதும், லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் கேம்தான். எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது, பார்க்கவும் லட்சணமில்லை, கதையும் கிடையாது, ஜெயித்தேன் என்று சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. இதையா உலகமே காசு கொடுத்து வாங்குகிறது?
– ஒரு அம்மா, தண்டையார்பேட்டை

ப: உங்கள் தெருவில் யாராவது வீடு கட்டினால் வாசலில் ஒரு லோடு மணல் கொட்டுவார்களே (இப்போது எம்-சாண்ட், ஆனால் பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஒன்றுதான்), சாயங்காலம் மேஸ்திரி கிளம்பினதும் அங்கே போய் நின்று பாருங்கள். ஒருத்தன் சுரங்கம் தோண்டுவான், ஒருத்தி குச்சி நட்டுக் கோயில் கட்டுவாள், மூன்றாவது ஆள் எல்லாவற்றையும் மிதித்துவிட்டு ஓடுவான். இவர்களுக்கு யாரும் ஆட்டம் சொல்லித் தரவில்லை. பக்கத்திலேயே கார்ப்பரேஷன் பார்க்கில் சறுக்குமரம் சும்மா கிடக்கும். சறுக்குமரத்தில் சறுக்கத்தான் முடியும். மைன்கிராஃப்ட் மாதிரி, என்ன ஆடுவது என்பதை ஆடுகிறவனே முடிவு செய்கிற கேமுக்கு சாண்ட்பாக்ஸ் (மணல் பெட்டி) கேம் என்ற பெயரே இந்த மணலிலிருந்து வந்ததுதான்.

ஆனால் வெறும் மணலைக் கொட்டினால் மட்டும் போதாது. மைன்கிராஃப்டில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் 20 நிமிஷம், அதில் பாதிதான் நல்ல பகல். இருட்டினால் ஜாம்பி வரும், எலும்புக்கூடு வரும், சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து வெடிக்கிற பச்சைக்காரன் க்ரீப்பர் வரும் (பன்றி செய்யப் போய் நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டதில் பிறந்த உருவம் அது). அதனால் முதல் நாளே மரம் வெட்டி, பொழுது சாய்வதற்குள் ஒரு பொந்தாவது கட்டியாக வேண்டும். விடிந்ததும் கட்டியதைப் பார்த்தால், சரி, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று தோன்றும். உங்கள் பையன் சாப்பாட்டுக்கு எழுந்து வராததற்குக் காரணம் இந்த இடம்தான்.

அடுத்தது விற்ற விதம். ஸ்வீடன்காரர் மார்கஸ் பெர்சன் 2009 மே மாதம் இதை அரைகுறையாகவே வெளியே விட்டார். சீக்கிரமே விற்கவும் ஆரம்பித்தார், சுமார் 10 யூரோவுக்கு. பிறகு பீட்டா என்கிற சோதனைப் பதிப்பு வந்தபோது 15, முழுசானபோது 20. முன்னாடி வாங்கினவனுக்குக் குறைந்த விலை, அடுத்தடுத்து வரும் மாற்றங்கள் இலவசம். மனைக்கு முன்பணம் கட்டினவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் எட்டிப் பார்ப்பானே, அந்த மாதிரி வாங்கினவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். 2011 ஜனவரியில் 10 லட்சம் பேர் வாங்கியாகிவிட்டது. முழுப் பதிப்பு வந்ததோ அந்த வருஷம் நவம்பரில்! காசு கொடுத்து விளம்பரமும் செய்யவில்லை. இன்னொரு வேடிக்கை, கேமுக்குள் எதையும் எப்படிச் செய்வது என்று அப்போது சொல்லித் தரவே மாட்டார்கள். கோடரி செய்ய வேண்டுமென்றால் தெரிந்தவனைக் கேட்க வேண்டும், இல்லையென்றால் யூடியூபில் தேட வேண்டும். கட்டினவன் காட்டுவதற்காக வீடியோ போட்டான், கற்றுக்கொள்ள வந்தவன் அதைப் பார்த்துவிட்டு வாங்கினான். கம்பெனி செய்ய வேண்டிய விளம்பரத்தை வாங்கினவர்களே செய்துவிட்டார்கள், அதுவும் சந்தோஷமாக.

கட்டங்களை இவர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று நினைக்க வேண்டாம். அதே 2009-இல் ஜாக்கரி பார்த் என்ற அமெரிக்கர் இன்ஃபினிமைனர் என்று ஒன்று எழுதினார். தோண்டி எடுத்துக் காசு சேர்க்கிற கோஷ்டிப் போட்டி அது. அதன் நிரல் வெளியே கசிந்து, ஆளாளுக்கு மாற்றிவிட, அவர் அதைத் தொடரவில்லை. அதைப் பார்த்த பெர்சன் போட்டியைத் தள்ளிவிட்டு மணலை மட்டும் எடுத்துக்கொண்டார். 2014-இல் மைக்ரோசாஃப்ட் அவருடைய மொஜாங் கம்பெனியை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-இல் விற்பனை 30 கோடி பிரதிகளைத் தாண்டியது. இதில் உங்கள் பையனுக்கு ஒரு பிரதி, அவ்வளவுதான்.

கே: ஒரு தடவை வாங்கினால் போதுமாம், அப்புறம் கம்பெனிக்கு எப்படி வருமானம்?
– வாசகர், திருவொற்றியூர்

ப: தினம் தினம் புதுப் பிள்ளைகள் ஏழு வயசைத் தொடுகிறார்களே சார், முதல் வருமானம் அதுதான். மிச்சம் சில்லறை வியாபாரம்: நண்பர்களோடு சேர்ந்து ஆட மாத வாடகைக்கு சர்வர், 2017-இலிருந்து உடுப்பும் மேப்பும் விற்கிற கடை. அந்தக் கடைக்குச் சரக்கு செய்பவர்களில் முக்கால்வாசி வெளி ஆட்கள், கம்பெனிக்குப் பங்கு உண்டு. நம் ஊர்ச் சந்தையில் தரை வாடகை வசூலிப்பது போலத்தான்.

கே: நானும் இரண்டு நண்பர்களும் வடசென்னையை வைத்து ஒரு சாண்ட்பாக்ஸ் கேம் எழுதுகிறோம். எண்ணூரிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை ஒரு சந்து விடாமல் மேப். ஓடுமா?
– பொறியியல் மாணவர், வியாசர்பாடி

ப: தம்பி, சந்துகளை விடுங்கள், சந்துக்குள் என்ன செய்யலாம்? 2016-இல் நோ மேன்ஸ் ஸ்கை என்று ஒன்று வந்தது. எண்ண முடியாத அளவுக்குக் கிரகங்கள், பூஜ்யம் போட்டே கை வலிக்கும். வாங்கினவர்கள் நாலு கிரகம் சுற்றிவிட்டு, இங்கே செய்வதற்கு என்ன இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். பெயரைத் திரும்பச் சம்பாதிக்க அந்தச் சின்ன கம்பெனி வருஷக்கணக்கில் இலவச அப்டேட் போட வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டால், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஒன்றே போதும். விசைப்படகு, டீசல், ஐஸ், வலை, விடியற்காலை ஏலம். ஐஸ் உருகினால் மீன் விலை இறங்க வேண்டும், எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரைக்கு வந்தாலும் இறங்க வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம், அதற்கு முன்னால் சேர்த்த காசில் குடும்பம் ஓட வேண்டும். மைன்கிராஃப்டில் ராத்திரி செய்கிற வேலையை உங்களுக்கு இந்தத் தடைக்காலம் செய்யும். நாலைந்து விதிகள் ஒன்றோடொன்று முட்டினால், நீங்கள் யோசிக்காத ஆட்டத்தை ஆடுகிறவன் கண்டுபிடிப்பான். அப்படி எவனாவது கண்டுபிடித்ததைத் தப்பு என்று சரிசெய்துவிடாதீர்கள். அப்புறம், முழுசாக முடித்துவிட்டுத்தான் காட்டுவேன் என்று மூன்று வருஷம் உட்காராமல், ஒரு படகு ஓடினதுமே நாலு பேர் கையில் கொடுங்கள். கத்தி, ரவுடி இல்லாமல் ஒரு வடசென்னை வந்தால் நான் காசு கொடுத்தே வாங்குகிறேன்.

கே: ஜிடிஏ சாண்ட்பாக்ஸில் சேருமா?
– வாசகர், ராயபுரம்

ப: எழுதினவர்கள் கதையோடுதான் எழுதினார்கள். ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையில் நான் மெயில் பார்க்கப் போன பிரவுசிங் சென்டரில் வைஸ் சிட்டி என்ற ஜிடிஏ ஆடிய பையன்களில் ஒருத்தன்கூட மிஷனைத் தொட்டதில்லை. சட்டைப்பையில் நாலாக மடித்த பேப்பர், அதில் சீட் கோடு, அதாவது கேமை ஏமாற்றுகிற ரகசியச் சொற்கள். ‘பன்சர்’ என்று அடித்தால் டாங்கி வந்து இறங்கும், ஒரு மணி நேரமும் அதிலேயே ஊரை இடித்துக்கொண்டு சுற்றுவான். நேரம் முடிந்ததும் அடுத்த பையன் உட்காருவான், அவனும் அதே பேப்பரைக் கடன் வாங்குவான்.