இருந்தும் எட்டாத சாம்பல் சத்து

அன்புள்ள ஐயா,

உரங்களைப் பற்றிய கட்டுரையில், மண்ணில் பொட்டாசியம் ஏராளமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் நிலத்து மண் பரிசோதனை அறிக்கையோ சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், குறைவு என்கிறது. எதை நம்புவது? பாறையைக் கரைத்துச் சத்தை எடுத்துத் தரும் பாக்டீரியா என்று பாட்டிலில் விற்கிறார்களே, அது உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டையும் நம்பலாம். நான் சொன்ன பொட்டாசியத்தை உங்கள் அறிக்கை அளக்கவே இல்லை.

ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. ஆழத்துக்கு மேல்மண் சுமார் 20 லட்சம் கிலோ வரும். அதில் பொட்டாசியம் 1.5 சதவீதம் என்று வைத்தால்கூட 30,000 கிலோ. ஆய்வகத்தில் வழக்கமாக அம்மோனியம் அசிடேட் கரைசலில் மண்ணைக் குலுக்கி அளப்பார்கள். மண் நீரில் கரைந்திருப்பதும், களித்துகள்களின் மேல் தளர்வாக ஒட்டியிருப்பதும்தான் அதில் வரும். இது பெரும்பாலும் மொத்தத்தில் 1 அல்லது 2 சதவீதம். மீதியெல்லாம் கனிமத்துக்குள்ளே இருக்கிறது. எந்தக் கனிமம் என்பதுதான் முக்கியம்.

ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமத்தில் சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் நாலாபக்கமும் பிணைந்து கூடு கட்டியிருக்கும். பொட்டாசியம் அதன் பொந்துகளில் உட்கார்ந்திருக்கிறது. அது வெளியே வர கூடே கரைய வேண்டும். ஒரு பயிரின் ஆயுளுக்குள் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

மைக்கா என்ற கனிமம் வேறு விதம். புத்தகத்தின் தாள்களைப் போல மெல்லிய அடுக்குகள். பொட்டாசியம் அவற்றின் இடையில் இருந்து அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. வேர் தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்து பொட்டாசியத்தை உறிஞ்ச உறிஞ்ச, அங்கே அதன் செறிவு மிகவும் குறைந்துவிடும். அப்போது மைக்காவின் ஓரங்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும். அதன் இடத்தில் கால்சியமும் மெக்னீசியமும் நீர்மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு நுழையும். சுமார் 1 நானோமீட்டராக இருந்த அடுக்கின் அளவு 1.4 ஆக விரியும். அந்த இடம் மைக்காவிலிருந்து வெர்மிகுலைட் என்ற, அடுக்கு விரிந்த கனிமமாக மாறும். அதாவது செடி தானே வேலை செய்து சத்தை வெளியே இழுக்கிறது.

மைக்காவிலும் பேதம் உண்டு. கறுப்பு மைக்காவான பயோடைட் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். வெள்ளை மைக்காவான மஸ்கோவைட் லேசில் விடாது. பயோடைட்டின் அடுக்கில் உள்ள ஹைட்ராக்சிலின் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) ஹைட்ரஜன் பொட்டாசியத்தை நேராகப் பார்த்து நிற்கிறது. இரண்டும் நேர்மின்னேற்றம் கொண்டவை, தள்ளிவிடுகின்றன. மஸ்கோவைட்டில் அது சாய்ந்து நிற்பதால் அந்தத் தள்ளல் குறைவு. ஒரு அணு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பயிருக்குக் கிடைக்கும் சத்தைத் தீர்மானிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்தக் கதவு இரண்டு பக்கமும் திறக்கும். வெர்மிகுலைட்டோ, மைக்காவைப் போன்ற களிக் கனிமமான இல்லைட்டோ நிறைந்த களிமண்ணில் நீங்கள் போடும் பொட்டாஷ் உரத்தின் பொட்டாசியம் உள்ளே போய் அடுக்குகளை மூடிக்கொள்ளவும் செய்யும். அம்மோனியம் அயனியும் ஏறக்குறைய பொட்டாசியம் அயனியின் பருமனே என்பதால் அதுவும் அங்கே நுழைந்து, பொட்டாசியம் வெளிவரும் வழியை அடைக்கும்.

சரி, பாக்டீரியா. குடுவையில் சர்க்கரை ஊட்டி வளர்த்தால் அமிலம் சுரந்து கனிமத்தைக் கரைக்கின்றன, அது உண்மை. வயலில் அவ்வளவு சர்க்கரை கிடைக்காது. அதை நம்பி உரத்தை நிறுத்த நான் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பதில், கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தில் செய்யும் சோதனையைக் கேட்டுப் பாருங்கள். கனிமத்துக்குள் இருக்கும் கையிருப்பில் மெதுவாக வெளிவரக்கூடிய பங்கு எவ்வளவு என்று அதில் ஓரளவு தெரியும். வெறும் குவார்ட்ஸ் மணலாகவோ, மிகவும் சிதைந்து, பொட்டாசியம் இல்லாத கயோலினைட் என்ற களியாகிவிட்ட மண்ணாகவோ இருந்தால் அந்த எண்ணும் சிறியதாகவே வரும்; அப்போது உரம் தவிர வழியில்லை.

அப்புறம், தானியப் பயிர் என்றால் வைக்கோல் எங்கே போகிறது என்று பாருங்கள். எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பகுதி தானியத்தில் இல்லை, வைக்கோலில்தான். செடிக்குள் அது எந்தச் சேர்மத்திலும் கட்டுண்டு கிடப்பதில்லை, வெறும் அயனிதான். வைக்கோலை வயலிலேயே விட்டால் மக்கும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரு நல்ல மழையே பெரும்பகுதியைக் கழுவி மண்ணுக்குள் இறக்கிவிடும்.