திரும்புகிறவர் ஒருவர்தான்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பது ஆண்டுகளாகத் தோஹாவில் வேலை செய்கிறேன். பெரம்பலூர் அருகே என் ஊரில் நான்கு அறைகளும் முன்புறம் திண்ணையுமாக ஒரு வீடு கட்டி முடித்திருக்கிறேன். மகள் இங்கேயே பிறந்தவள், வயது பதினான்கு. எல்லோரும் ஊர் திரும்பிவிடலாம் என்கிறேன், மனைவி தயங்குகிறார். என் ஊர்தானே அவளுக்கும் ஊர்? சேமிப்பு போதுமா, திரும்பி வந்தவனை ஊர் மதிக்குமா என்ற கவலைகளும் உண்டு.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சேமிப்பைப் பற்றிக் கணக்குத் தெரிந்தவரிடம் கேளுங்கள். ஊர் முதல் மாதம் மதிக்கும். பிறகு நீங்களும் ஊர்க்காரர்தான், அதில் வருந்த ஒன்றுமில்லை.

'எல்லோரும் ஊர் திரும்பிவிடலாம்' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். என் தந்தையின் பழைய காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கும் இந்நாட்களில், இதே வினைச்சொல் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட, தோட்ட வேலைக்கு இங்கிருந்து போனவர்களின் வழிவந்த இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு இங்கே வழங்கிய பெயர் 'தாயகம் திரும்பியோர்'. 1974இல் தலைமன்னாரில் கப்பலேறியபோது என் தந்தைக்குப் பதினைந்து வயது. மலையகத்து அட்டனில், ஒரு தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த அவர் அதுவரை இந்தியாவைக் கண்டதே இல்லை. பார்த்திராத இடத்துக்கு ஒருவர் எப்படித் திரும்புவார்?

தாத்தாவும் அட்டனில் பிறந்தவர்தான். துறையூர்ப் பக்கத்துக் கிணற்றையும் குலதெய்வக் கோயிலையும் தன் தந்தை சொல்லக் கேட்டு, தானே பார்த்ததுபோல வைத்திருந்தார். அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் பஞ்சம். ஆகவே இந்தியா வருவதற்கான விண்ணப்பத்தை எழுதவைத்தது பசிதான், ஆனால் இராமேசுவரத்தில் இறங்கி வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமைக் கடந்தபின் எங்கே போவது என்பதை முடிவுசெய்தது அந்தக் கேள்விப்பட்ட ஊர். அங்கே பங்காளிகள் அன்பாகச் சோறு போட்டார்கள், நிலத்தில் பங்கு கேட்க வந்திருப்பார்களோ என்ற பயத்தில், மூன்றாம் நாளே "எப்பக் கிளம்புறீங்க?" என்றும் கேட்டார்கள். கொழுந்து பறிக்கும் வேலை தேடிக் கோத்தகிரிக்குப் பேருந்தில் ஏறுகையில், பனிக்குள் தேயிலைச் செடிகளைக் கண்ட அப்பாயி "அட்டனுக்கே வந்துட்டமா?" என்றாராம்.

கடைசிவரை தாத்தாவுக்கு 'ஊரு' என்றால் துறையூர், அப்பாயிக்கு அட்டன். பள்ளியில் 'சிலோன்காரன்' என்று அழைக்கப்பட்ட என் தந்தை 'ஊரு' என்ற சொல்லை எதற்குமே சொல்லி நான் கேட்டதில்லை. தாத்தாவுக்கு வாய்த்தது திரும்புதல் என்றே வைத்துக்கொள்வோம். என் தந்தைக்கு அது குடிபெயர்வு, அதுவும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நடந்த குடிபெயர்வு.

உங்கள் மகளுக்கும் அதுவேதான். பத்தொன்பது ஆண்டுகள் பகிர்ந்த அறைகளிலும் வாடகை வீடுகளிலும் வாழ்ந்துகொண்டு, கைப்பேசிப் படங்களிலேயே அஸ்திவாரத்தையும் கூரையையும் பார்த்துப் பார்த்துக் கட்டிய மனிதருக்கு அந்தத் திண்ணையில் உட்காரும் ஆசை இருக்காதா? எனக்குப் புரிகிறது. வேலை போனால் தங்கும் உரிமையும் போய்விடுகிற நாட்டில், ஒருநாள் நீங்கள் கிளம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் வீட்டில் எத்தனை அறைகள் என்று எழுதியவர், மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி எழுதவில்லையே! அவளிடம் கேட்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 'என் ஊர்தானே அவளுக்கும் ஊர்' என்று என்னிடம் கேட்பது என்ன நியாயம்?

வரும் கோடை விடுமுறையில் அவளை அழைத்து வாருங்கள். கல்யாணத்துக்கு வந்த விருந்தாளியாக ஒரு வாரம் அல்ல. ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் அந்த ஊரில், மின்சாரம் போகிற இரவுகளோடு, விடுமுறை முழுவதும் இருக்கட்டும். அதன்பின் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் ஒரு பக்கத்தை அவளுக்கு விட்டுவிடுங்கள். தமிழில் எழுதத் திணறினால் அவளுக்கு வருகிற மொழியிலேயே எழுதட்டும்.